போர்க்கைதிகளின் விடுதலையும் வீடு திரும்பலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச் சட்டத்தைப் பற்றிப் பேச அழைக்கப்படும் இடங்களில், பேச்சு முடிந்ததும் என்னிடம் வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ‘சட்டம்’ அல்லது ‘உடன்படிக்கை’ என்று நான் சொல்லும் இடங்களில், வேறாகக் குறிப்பிடாத வரை, 1949 ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்தான மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை என்று கொள்ளவும்.

1. போர்க்கைதி என்றால் யார்? ஜெயிலில் இருக்கிற குற்றவாளியும் அவரும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஒரு நாட்டின் ஆயுதப்படையைச் சேர்ந்தவர் எதிரி நாட்டிடம் சிக்கினால் அவர் போர்க்கைதி. எந்தக் குற்றத்துக்காகவும் அவர் தண்டனை அனுபவிக்கவில்லை; போரிட்டார் என்பதற்காக மட்டும் அவர்மீது வழக்குத் தொடுக்கவும் முடியாது. மறுபடியும் களத்துக்குப் போகாமல் தடுத்து வைப்பதுதான் அவரைப் பிடித்து வைப்பதன் ஒரே நோக்கம். ஆகவே களம் ஓய்ந்தவுடன் அவரை வைத்திருப்பதற்கான காரணமும் தீர்ந்துவிடுகிறது. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைப்பவை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போர்க்கைதி, தன்னைப் பிடித்த சிப்பாயின் கையிலோ படைப்பிரிவின் கையிலோ இருப்பதாகச் சட்டம் கருதுவதில்லை. அந்த நாட்டின் பொறுப்பில் இருப்பதாகவே கருதுகிறது. அவருக்கு என்ன நேர்ந்தாலும் பதில் சொல்ல வேண்டியது அந்த அரசு.

2. போர் என்று யாருமே அறிவிக்கவில்லையே, அப்போது பிடிபட்டவர் எப்படிப் போர்க்கைதி ஆவார்?

ஆவார். இரு நாடுகளின் படைகள் மோதிக்கொண்டாலே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்துவிடும். முறையான போர் அறிவிப்பு தேவையில்லை, ஒரு தரப்பு அதைப் போர் என்று ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கவலையில்லை. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானில் பிடிபட்ட இந்திய விமானி அபிநந்தன் வர்த்தமான், மார்ச் 1 அன்று வாகா எல்லை வழியாகத் திரும்பினார். அந்த மோதலை இரண்டு நாடுகளில் எதுவும் போராக அறிவித்திருக்கவில்லை.

அவர் பிடிபட்ட காட்சிகள் அன்று கைக்குக் கை பரவியதைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். போர்க்கைதிகளை அவமதிப்பிலிருந்தும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் கண்களிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. கண்ணைக் கட்டி, ரத்தம் வழிய நிறுத்தப்பட்ட ஒருவரின் காணொளி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதைப் பகிராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த முகத்தை அவருடைய பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

3. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை வைத்திருக்கலாமா?

கூடாது. ‘செயலளவிலான போர் ஓய்ந்த பின், காலதாமதமின்றி’ விடுவித்துத் தாயகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே 118ஆம் பிரிவு. இதற்கு முந்தைய 1929ஆம் ஆண்டு உடன்படிக்கை இந்தக் கடமையைப் போர்நிறுத்த ஒப்பந்தத்தோடும் சமாதான ஒப்பந்தத்தோடும் முடிச்சுப் போட்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு அப்படியொரு சமாதான ஒப்பந்தம் ஏற்படாமலே ஆண்டுகள் ஓடின. துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் லட்சக்கணக்கானவர்கள் சுரங்கங்களிலும் காடுகளிலும் உழைத்துக் கிடந்தார்கள். 1949இல் சட்டத்தை மாற்றி எழுதியதற்கு இந்த அனுபவமே காரணம்.

சோவியத் ஒன்றியத்தில் எஞ்சியிருந்த ஜெர்மானியர்களில் ஏறக்குறைய 10,000 பேர், மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடினாவர் 1955 செப்டம்பரில் மாஸ்கோவுக்கு நேரில் போய்ப் பேசிய பிறகுதான் வீடு திரும்பினார்கள். அவர்கள் வந்து இறங்கிய ஃப்ரீட்லாண்ட் முகாமில் எடுக்கப்பட்ட படங்களில் தாய்மார்களையும் மனைவியரையும் காணலாம். காணாமற்போனவரின் புகைப்படத்தை ஒட்டி, பெயரையும் படைப்பிரிவையும் எழுதிய அட்டையை உயர்த்திப் பிடித்தபடி, இறங்கி வரும் ஒவ்வொருவரிடமும் ‘இவரைத் தெரியுமா’ என்று கேட்டு நிற்கிறார்கள். சைபீரிய முகாம்களிலிருந்து ஜப்பானியர்களை ஏற்றி வந்த கப்பல்களுக்காக மைசுரு என்னும் ஜப்பானியத் துறைமுகத்திலும் இதே போன்ற காத்திருப்பு 1956 வரை நீடித்தது.

4. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் வருடக்கணக்கில் இழுக்கிறார்கள்?

கைதியைப் பேரம் பேசும் பொருளாக அரசுகள் பார்ப்பதால்தான். ஈரான்-ஈராக் போர் 1988 ஆகஸ்டில் நின்றது. கைதிகள் பல்லாயிரக்கணக்கில் வீடு திரும்பியதோ 1990 ஆகஸ்டில். குவைத்தைப் பிடித்துக்கொண்ட ஈராக்குக்கு அப்போது ஈரானின் பக்கம் அமைதி தேவைப்பட்டது. அப்போதும் எல்லோரும் விடப்படவில்லை. கடைசிக் கைதிகள் திரும்பியபோது ஆண்டு 2003. மேற்கு சஹாராவில் 1991இலேயே போர் ஓய்ந்தும், பொலிசாரியோ அமைப்பிடமிருந்த மொராக்கோ வீரர்களில் கடைசி 404 பேர் 2005 ஆகஸ்டில்தான் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார்கள். ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறை, நியாயமற்ற காலதாமதத்தைக் கடுமையான விதிமீறல்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. எனினும் அந்த நெறிமுறையை எல்லா நாடுகளும் ஏற்றுக்கொள்ளவில்லை.

5. அவர்கள் நம் ஆட்களை விடவில்லை. நாம் மட்டும் ஏன் விட வேண்டும்?

கோபத்தோடும் கண்ணீரோடும் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் யாரையேனும் எதிர்பார்த்திருப்பவராக இருப்பார். ஆனாலும் பதிலை மாற்றிச் சொல்ல முடியாது. போர் ஓய்ந்த பின் விடுவிக்க வேண்டும் என்பது ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியான கடமை. தலைக்குத் தலை எண்ணி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று 118ஆம் பிரிவில் எங்கும் இல்லை. எத்தியோப்பியாவும் எரித்ரியாவும் 2000 டிசம்பரில் அமைதி ஒப்பந்தம் செய்துகொண்டன. எரித்ரியா 2002 ஆகஸ்டில் தன்னிடமிருந்தவர்களை அனுப்பிவிட்ட பின்னும், எத்தியோப்பியா எஞ்சியவர்களை நவம்பர் வரை நிறுத்தி வைத்தது. இரு நாடுகளின் கோரிக்கைகளையும் விசாரித்த ஆணையம், இந்தத் தாமதத்துக்கு எத்தியோப்பியா பொறுப்பு என்று 2003இல் தீர்ப்பளித்தது.

சட்டத்தைத் தாண்டியும் ஒன்று உண்டு. எதிரி நாட்டிலிருந்து திரும்பிப் போகும் ஒவ்வொருவரும், தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதைத் தன் ஊரில் சொல்லத்தான் போகிறார். அந்தப் பேச்சு நம்முடையவர்கள் அடைபட்டிருக்கும் முகாம் வரைக்கும் போய்ச் சேரும்.

6. அப்படியானால் போர் நடந்துகொண்டிருக்கும்போதே செய்துகொள்ளும் பரிமாற்றம்?

அது வேறு. போர் நடக்கும்போது உடல்நலமுள்ள கைதிகளை விட வேண்டிய கட்டாயம் இல்லை. இரு தரப்பும் விரும்பினால் எண்ணிக்கை பேசி மாற்றிக்கொள்ளலாம். 2025 மே மாதம் இஸ்தான்புல்லில் பேசி முடித்து, 23 முதல் 25 வரை மூன்றே நாட்களில் ரஷ்யாவும் உக்ரைனும் ஆளுக்கு 1,000 பேரை ஒப்படைத்தது இவ்வகை.

ஆனால் கடுமையாகக் காயம்பட்டவர்களையும் நோயுற்றவர்களையும் போர் நடக்கும்போதே அனுப்பியாக வேண்டும் என்கிறது 109ஆம் பிரிவு. யார் அந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்க்க மூன்று மருத்துவர் கொண்ட கலப்பு மருத்துவக் குழு ஒன்று அமைக்கப்படும். இருவர் நடுநிலை நாட்டினர், சிறைபிடித்த நாடு ஒருவரை நியமிக்கும். ஓராண்டுக்குள் தேற வாய்ப்பில்லாத நோயாளியும் இதில் அடங்குவார். இப்படித் திரும்பியவரை மறுபடி களப்பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்பது இதன் மறுபக்கம். குடும்பத்தார் அறிந்து வைத்திருக்க வேண்டிய, ஆனால் மிகச் சிலரே அறிந்த பிரிவு இது. உங்கள் வீட்டவர் கால் இழந்தோ கண் இழந்தோ எதிரியிடம் இருக்கிறார் என்று தெரிந்தால், பரிமாற்றப் பட்டியல் வரட்டும் என்று காத்திருக்காமல் இந்தப் பிரிவைச் சுட்டியே அரசிடம் மனு கொடுங்கள்.

7. ஒப்படைக்கும் நாளில் உண்மையில் என்னதான் நடக்கும்?

வெளியே தெரிவது பேருந்தும் கொடியும்தான். அதற்கு முன்பே பட்டியல் சரிபார்ப்பு நடந்திருக்கும்: பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண். பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு பங்கேற்கும் இடங்களில், அதன் பிரதிநிதி ஒவ்வொரு கைதியோடும் தனியாக, காவலர் காதில் விழாத இடத்தில் பேசி, ‘சொந்த விருப்பத்தோடுதான் போகிறீர்களா?’ என்று கேட்பார். இந்தக் கேள்வியின் கனம் 9ஆம் கேள்வியில் விளங்கும். பிடிபட்டபோது வாங்கி வைத்த விலையுயர்ந்த பொருள்களைத் திருப்பித் தர வேண்டும். சொந்தப் பொருள்களையும் வந்த கடிதங்களையும் குறைந்தது 25 கிலோவாவது எடுத்துச் செல்லக் கைதிக்கு உரிமை உண்டு. பலருடைய மூட்டையில் கடிதங்களைத் தவிர வேறு எதுவும் இருப்பதில்லை.

வியட்நாமிலிருந்து அமெரிக்கக் கைதிகள் 1973 பிப்ரவரி 12 முதல் அனுப்பப்பட்டபோது கடைப்பிடித்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. காயம்பட்டவர்களும் நோயாளிகளும் முதலில். பிறகு, முதலில் பிடிபட்டவர் முதலில். ஹனோயின் விமான நிலையத்தில் ஒவ்வொருவராகப் பெயர் வாசிக்க, வாசிக்க, கோட்டைக் கடந்து வந்து தங்கள் அதிகாரிக்கு வணக்கம் வைத்தார்கள். மொத்தம் 591 பேர் திரும்பினார்கள். முதல் நாள் வந்தவர்களில் ஒருவர் 1964 ஆகஸ்டில் பிடிபட்டவர்.

8. பயணச் செலவு யாருடையது?

கைதியிடமிருந்து ஒரு காசும் வாங்கக் கூடாது. இரண்டும் அண்டை நாடுகள் என்றால், எல்லை வரை சிறைபிடித்த நாடும் எல்லைக்கு இப்பால் தாய்நாடும் செலவு செய்யும். அண்டை நாடுகள் அல்ல என்றால் பங்கீட்டை இரு அரசுகளும் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சு முடியவில்லை என்பதைச் சாக்காக வைத்துக் கைதியை நிறுத்தி வைக்கக் கூடாது.

9. ஒரு கைதியே ‘நான் திரும்பிப் போக மாட்டேன்’ என்றால்? வலுக்கட்டாயமாக அனுப்பலாமா?

எனக்கு வரும் கேள்விகளிலேயே கடினமானது இதுதான். 118ஆம் பிரிவை எழுத்துக்கு எழுத்து படித்தால், கைதியின் விருப்பத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கைதி தன் உரிமைகளைத் தானே விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது 7ஆம் பிரிவு. எழுதியவர்களின் அச்சம் நியாயமானது: விருப்பத்துக்கு இடம் கொடுத்தால், சிறைபிடித்த நாடு மிரட்டியோ ஆசை காட்டியோ ‘போக விருப்பமில்லை’ என்று எழுதி வாங்கிக்கொள்ளும். ஆனால் எதிர்ப்பக்க அனுபவமும் கண்முன் இருந்தது. 1945 பிப்ரவரியில் யால்டாவில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, சோவியத் குடிமக்களை மேற்கத்திய நாடுகள் திருப்பி அனுப்பின. போக மறுத்தவர்களையும் விடவில்லை. தங்களுக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரிந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

கொரியப் போரில் இந்த இரண்டு அச்சங்களும் நேருக்கு நேர் மோதின. மற்ற பிரச்சினைகள் பெரும்பாலும் பேசித் தீர்ந்த பிறகும், இந்த ஒன்றுக்காக ஓராண்டுக்கும் மேலாகப் பேச்சுவார்த்தை முட்டி நின்றது. அத்தனை மாதங்களும் களத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானபோது ஒரு வழி கண்டிருந்தார்கள். திரும்ப விரும்பியவர்கள் நேராக அனுப்பப்பட்டார்கள். மறுத்தவர்கள், ஐ.நா. தரப்பிடமிருந்த சுமார் 22,600 பேரும் எதிர்த் தரப்பிடமிருந்த சில நூறு பேரும், ஐந்து நாடுகள் கொண்ட ஆணையத்தின் பொறுப்பில் விடப்பட்டார்கள். அதன் தலைவர் இந்தியாவின் ஜெனரல் திம்மய்யா. காவல் பணியும் இந்தியப் படையினுடையது. அவரவர் நாட்டுப் பிரதிநிதி கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ‘ஊருக்கு வா, தண்டனை இல்லை’ என்று எடுத்துச் சொல்ல வாய்ப்பளிக்கப்பட்டது. கேட்டு முடித்தவர் போவதா இருப்பதா என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலோர் மறுப்பில் நிலைத்தார்கள். 21 அமெரிக்கர்களும் ஒரு பிரித்தானியரும் கூடத் திரும்ப மறுத்தார்கள். இரண்டு பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர் இந்தியப் படையினரோடு கப்பலேறி வந்தார்கள்.

இன்றைய நடைமுறை இந்த அனுபவத்தில் பிறந்தது. திரும்பினால் உயிருக்கோ அடிப்படை உரிமைகளுக்கோ உண்மையான ஆபத்து இருக்கும் கைதியை அவர் விருப்பத்துக்கு மாறாக அனுப்புவதில் செஞ்சிலுவைக் குழு பங்கேற்காது. 7ஆம் கேள்வியில் சொன்ன தனி நேர்காணல் இதற்காகத்தான். என்னுடைய கருத்தைக் கேட்டால், அந்த நேர்காணலுக்கு உண்மையான தனிமை இல்லாத இடத்தில் ‘போகிறேன்’ என்ற பதிலையும் நம்ப முடியாது, ‘போக மாட்டேன்’ என்ற பதிலையும் நம்ப முடியாது.

10. போர்க்குற்றம் செய்தவர்களையும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவரை வழக்கு முடியும் வரையும், தண்டனை பெற்றவரைத் தண்டனை முடியும் வரையும் வைத்திருக்க 119ஆம் பிரிவு இடம் தருகிறது. சந்தேகத்தின் பேரில் எல்லோரையும் நிறுத்தி வைக்க இது அனுமதி அல்ல. 1971 போரில் பாகிஸ்தான் தரப்பில் சுமார் 93,000 பேர் இந்தியாவின் பொறுப்பில் வந்தார்கள். பொதுமக்களும் அதில் அடக்கம். 1973 ஆகஸ்டில் தில்லி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அவர்கள் தொகுதி தொகுதியாகத் திரும்பினார்கள். போர்க்குற்ற விசாரணைக்காக வங்கதேசம் கேட்ட 195 பேர் மட்டும் தனியே நிறுத்தப்பட்டு, 1974 ஏப்ரலில் மூன்று நாடுகளும் உடன்பட்ட பின் விசாரணையின்றி அனுப்பப்பட்டார்கள். அமைதிக்கு அது உதவியது என்பார்கள் ஒரு சாரார். பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை என்பார்கள் மறு சாரார். இரண்டுமே உண்மை என்று நினைக்கிறேன்.

11. உள்நாட்டுப் போரில் பிடிபட்டவருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

போர்க்கைதி என்ற தகுதி அங்கே இல்லை. ஆயுதம் எடுத்ததற்காகவே அரசு வழக்குத் தொடுக்கலாம். ஆனால் சித்திரவதையும் விசாரணையற்ற கொலையும் அங்கும் முற்றாகத் தடை செய்யப்பட்டவை. போர் முடிந்ததும் இயன்றவரை பரந்த பொதுமன்னிப்பு வழங்க ஆட்சியாளர் முயல வேண்டும் என்கிறது 1977ஆம் ஆண்டின் இரண்டாம் கூடுதல் நெறிமுறை. போர்க்குற்றத்துக்கு அந்த மன்னிப்பு பொருந்தாது.

12. எல்லையைத் தாண்டி வந்துவிட்டார். ஏன் நேராக வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் வைத்திருக்கிறார்கள்?

முதல் காரணம் உணவு. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென வயிறு நிறைய உணவு கொடுத்தால், ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று சரிந்து இதயம் நின்றுவிடக் கூடும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் மீட்கப்பட்டவர்களில் சிலர், இரக்கப்பட்டுக் கொடுத்த உணவாலேயே இறந்தார்கள். ஆகவே சிறிது சிறிதாக, ரத்தத்தைச் சோதித்தபடியே உணவைக் கூட்டுவார்கள். பார்க்கப் போகும்போது அவருக்குப் பிடித்ததைச் செய்து எடுத்துப் போகத் தோன்றும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது விசாரணை. தன் படையே தன்னைக் கேள்வி கேட்பது சிலருக்குப் புண்ணைக் கிளறுவதாக இருக்கும். ஆனால் அங்கே இன்னும் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் எந்த நாளில் இறந்தார்கள் என்பதை அவரால் மட்டுமே சொல்ல முடியும். வேறொரு குடும்பத்தின் காத்திருப்பு அவர் சொல்லும் ஒரு பெயரில் முடிவுக்கு வரக் கூடும்.

13. உயிரோடு பிடிபட்டதே அவமானம் என்கிறார்களே? காட்டிக்கொடுத்திருப்பார் என்றும் பேசுகிறார்கள்.

சரணடைவதைச் சட்டம் குற்றமாகக் கருதவில்லை. பிடிபட்டவர் தன் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றை மட்டும் சொன்னால் போதும். மேற்கொண்டு கேட்டு வதைப்பதே குற்றம். வதை தாங்காமல் ஏதேனும் சொன்னவர்மீது வீட்டில் இருந்த நாம் விரல் நீட்டுவது எந்த வகையிலும் தகாது. சரணடையும் அதிகாரியைத் துரோகியாக்கி அவருடைய குடும்பத்தையும் தண்டிக்க 1941 ஆகஸ்டில் ஸ்டாலின் ஆணையிட்டார். ஜெர்மானிய முகாம்களின் பட்டினியில் பிழைத்துத் திரும்பிய சோவியத் வீரர்கள், யார் துரோகி என்று விசாரித்துப் பிரிக்கும் ‘வடிகட்டும் முகாம்களில்’ மறுபடி அடைக்கப்பட்டார்கள். பலர் அங்கிருந்து கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு நாடு தன் பிள்ளைகளுக்கு இதைவிடக் கொடுமை செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

14. திரும்பி வந்தவர் பேசவே மாட்டேன் என்கிறார். பழைய ஆளாக எப்போது மாறுவார்?

எப்போது உண்பது, எப்போது தூங்குவது என்பதைப் பல ஆண்டுகள் பிறர் முடிவு செய்த வாழ்க்கையிலிருந்து வந்திருக்கிறார். என்ன சட்டை போடுவது என்ற கேள்வியே அவரைத் திகைக்க வைக்கும். மெத்தையை விட்டுத் தரையில் படுப்பதும், தலையணைக்குக் கீழே ரொட்டித் துண்டை ஒளித்து வைப்பதும், கதவு சாத்தும் ஓசைக்கு எழுந்து நிற்பதும் பைத்தியத்தின் அடையாளம் அல்ல. அங்கே அவரை உயிரோடு வைத்திருந்த பழக்கங்கள் அவை. கதை கேட்டு நெருக்காதீர்கள். அவராகத் தொடங்கும்போது இடைமறிக்காதீர்கள். தூக்கமின்மையும் திடீர்க் கோபமும் மாதக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்பது போன்ற பேச்சு வந்தாலோ, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.

வீடும் மாறியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். குழந்தை அவரை அறியாது. மனைவி தனியாக எல்லா முடிவுகளும் எடுக்கப் பழகியிருப்பார். சில நேரம் காத்திருக்க முடியாமல் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டிருப்பார், அதற்காக அவரைப் பழிப்பதும் சரியல்ல. பிரிட்டன் 1945இல் திரும்பியவர்களுக்கென்று குடிவாழ்வு மீள்குடியமர்வு மையங்களைத் திறந்தது. விரும்பியவர்கள் சில வாரங்கள் தங்கி, தொழிற்சாலைகளைப் பார்த்து, தம்மைப் போன்றவர்களோடு பேசிவிட்டு மெல்ல வீட்டு வாழ்க்கைக்குள் போகலாம். கட்டாயம் கிடையாது என்பதே அதன் சிறப்பு.

15. பட்டியலில் அவர் பெயரே இல்லை. சம்பளத்தையும் நிறுத்திவிட்டார்கள். இறந்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்வதா?

பெயர் இல்லாததை வைத்து மட்டும் அப்படி முடிவு செய்ய வேண்டாம். முகாமுக்கு வந்து சேர்ந்த ஒரு வாரத்துக்குள் கைதி தன் குடும்பத்துக்கும் ஜெனீவாவிலுள்ள மையத் தேடல் முகமைக்கும் அட்டை எழுத அனுமதிக்கப்பட வேண்டும். முதல் உலகப் போரில் இதே பணிக்காக 70 லட்சம் அட்டைகள் கையால் எழுதி அடுக்கப்பட்டன. அட்டை வரவில்லை என்றால் உங்கள் நாட்டுச் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்தில் தேடல் விண்ணப்பம் கொடுங்கள்: முழுப்பெயர், தந்தை பெயர், படை எண், கடைசியாகத் தகவல் வந்த நாள், உடலில் உள்ள தழும்பு, மச்சம். நெருங்கிய உறவினரின் மரபணு மாதிரியையும் கொடுத்து வையுங்கள். சம்பளத்தைப் பொறுத்தவரை, கைதியாக இருந்த காலத்தில் அவர் பெயரில் சேர்ந்த தொகையைத் திரும்பியதும் தாய்நாடே தீர்க்க வேண்டும் என்கிறது 66ஆம் பிரிவு. மாதச் சம்பளம் அந்தந்த நாட்டுப் படை விதிகளைப் பொறுத்தது. நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆந்த்ராஷ் தோமா என்ற ஹங்கேரியர் இரண்டாம் உலகப் போரின் இறுதியில் சோவியத் படையிடம் சிக்கினார். 1947இல் அவரை ரஷ்யாவின் கொத்தெல்னிச் நகர மனநல மருத்துவமனைக்கு மாற்றியபோது கைதிகள் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கிவிட்டது. அவருக்கு ரஷ்ய மொழி வரவில்லை. அவர் பேசிய ஹங்கேரிய மொழி அங்கே யாருக்கும் புரியவில்லை. மனநோயாளியின் உளறல் என்றே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதை எடுத்துக்கொண்டார்கள். அது ஒரு மொழி என்று ஒருவர் அடையாளம் கண்டபின், 2000 ஆகஸ்டில் தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். யாருடைய பிள்ளை என்பதை மரபணுச் சோதனை உறுதி செய்தது. அவருடைய படைப்பணி ஒருநாளும் முறிந்ததாகக் கொள்ளாமல், பதவி உயர்வோடு, அத்தனை ஆண்டுச் சம்பளத்தையும் ஹங்கேரிய ராணுவம் கணக்கிட்டுக் கொடுத்தது. 2004இல் இறக்கும் வரை தன் சகோதரியின் வீட்டில் இருந்தார்.